ஒன்பதாம் பின்னுக்கு இரண்டு பேர்

மேல் அலமாரியில் கிடந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்ததும் ரோசின் வாசனை எழுந்தது. சால்டர் வைக்கும்போது ஈயக்கம்பிக்குள்ளிருந்து புகையாகக் கிளம்புமே, அந்தப் பிசின் வாசனை. உள்ளே ரெலிமேட் கனெக்டர்கள், ஒடித்து மிஞ்சிய பெர்க் ஸ்ட்ரிப் துண்டுகள், நாற்பது கால் ஐசி பேஸ் ஒன்று, அடியில் சுருட்டி வைத்த எஃப்ஆர்சி கேபிள். சாம்பல் நிற வயர்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும் அந்த நாடாவின் ஒரு ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஓடும். சிவப்பு இருக்கும் பக்கம் ஒன்றாம் பின். எங்கள் லேபில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம் அது.

நெல்லைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டராக நான் சேர்ந்தபோது, மைக்ரோகன்ட்ரோலர் என்றால் 8051 குடும்பம்தான். ஏடி89சி51 என்று முதுகில் எழுதிய கறுப்பு ஐசி, பக்கத்துக்கு இருபதாக நாற்பது கால்கள். புரோகிராமை மாற்ற வேண்டுமென்றால் ஐசியைப் பேஸிலிருந்து நெம்பி எடுத்து, புரோகிராமர் பெட்டியின் ஜிஃப் சாக்கெட்டில் வைத்து, நெம்புகோலை மடக்கி, எழுதி, திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கால் வளையும். வளைந்ததை மூக்குக் குறடால் நிமிர்த்தினால் இரண்டு மூன்று முறை தாங்கும், பிறகு ஒடிந்துவிடும்.

எனக்கு மூத்தவராக ஒரு டெக்னீஷியன் இருந்தார். மாணவர்கள், ஆசிரியர்கள், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். மேசை இழுப்பறையில் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார். எந்தப் பிராஜக்ட் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுப்பார். நான்கு கட்டங்கள்: காலின் எண், அதன் பெயர், யாருக்கு, நகருமா. கடைசிக் கட்டத்தை வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டத்தில்தான் அவர் நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பார்.

8051-ல் நான்கு போர்ட், போர்ட்டுக்கு எட்டாக 32 லைன்கள். எண்ணிப் பார்த்தால் தாராளமாகத் தெரியும். ஆனால் மூன்றாம் போர்ட்டின் எட்டுக் கால்களுக்கும் இன்னொரு வேலை உண்டு. பத்தாம் காலும் பதினொன்றாம் காலும் சீரியல், அடுத்த இரண்டும் இன்டரப்ட், அதற்கடுத்தவை டைமர், கடைசி இரண்டும் வெளியே மெமரி வைத்தால் எழுதவும் படிக்கவும். பூஜ்ஜியம் போர்ட் தானாக மேலே எழும்பாது. வெளியிலிருந்து பத்து கே ரெசிஸ்டர் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். எல்சிடியை எட்டு பிட்டில் இணைத்தால் பதினோரு லைன் போய்விடும். கீபேடு எட்டு. இப்படியே 32 கரைந்து, கடைசியில் இரண்டு பேர் ஒரே காலைக் கேட்டு நிற்பார்கள்.

அண்ணாச்சியின் வழி இதுதான்: "நகர முடியாதவனுக்கு மொதல்ல எடம் போடணும்ல. பஸ்ல கெழவிக்குச் சீட்டுக் குடுத்துட்டுத்தான் எளவட்டம் உக்காரணும்." சீரியல் அந்த இரண்டு கால்களைத் தவிர வேறெங்கும் போகாது. இன்டரப்டும் அப்படித்தான். எல்இடி, பஸ்ஸர், ரிலே, எல்சிடி எங்கே வேண்டுமானாலும் போகும். நகராதவர்களை உட்கார வைத்துவிட்டு மிச்சம் இருப்பதை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் பாதிச் சண்டை தாளிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் மூளை வேண்டும்.

அந்த மீதிப் பாதியை எனக்குக் காட்டியது வண்டியைக் கண்காணிக்கும் பிராஜக்ட். இறுதியாண்டில் ஒவ்வொரு செட்டிலும் ஒரு குழுவாவது அதைத்தான் எடுக்கும். ஜிபிஎஸ் வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும். ஜிஎஸ்எம் மோடம் அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். இரண்டும் சீரியல் பேசுகிறவை. ஐசியில் இருப்பதோ ஒரே ஒரு சீரியல் வாசல். பையன்கள் இரண்டு மாட்யூலின் வயர்களையும் சேர்த்து முறுக்கி மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். மோடத்தின் பதிலும் ஜிபிஎஸ் எண்களும் கலந்து கம்ப்யூட்டர் திரையில் குப்பையாகக் கொட்டும்.

அண்ணாச்சி நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜிபிஎஸ் பேசும், கேக்காது. மோடம் பேசவும் செய்யும், கேக்கவும் செய்யும். அப்ப பதினொண்ணாங் கால்ல சண்டையே கெடையாதுலே. அது மோடத்துக்கு மட்டும். சண்டை பத்தாங் கால்லதான்."

இரண்டு வயர் பிரச்சினை ஒரு வயர் பிரச்சினையாகச் சுருங்கியது. அந்த ஒற்றை வயருக்கு ஒரு சின்ன ஐந்து வோல்ட் ரிலேயைப் போட்டார். ரிலேயின் நடுப்புள்ளி பத்தாம் காலுக்கு. சும்மா இருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் ஜிபிஎஸ். இழுக்கும்போது தொடும் பக்கம் மோடம். மிஞ்சியிருந்த ஒரு காலிலிருந்து பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக ரிலேயை இயக்கினார். செய்தி அனுப்பும் நேரம் வந்ததும் டிக்கென்று ஒரு சத்தம், முடிந்ததும் இன்னொரு டிக். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இது எதற்கு என்று பையனிடம் விசாரித்தார். அவன் சொன்ன விளக்கத்திலேயே அவருக்குத் திருப்தி வந்துவிட்டது.

ஆர்எஃப்ஐடி ரீடரும் மோடமும் சேர்ந்து வந்தால் ரிலே கூட வேண்டாம் என்பார். இஎம்-18 ரீடர் கார்டைக் காட்டினால் மட்டுமே பேசும். சீரியல் வயர் சும்மா இருக்கும்போது ஐந்து வோல்ட்டிலேயே நிற்கும். பேசும்போதுதான் கீழே இறங்கி ஏறும். ஆகவே இரண்டு பேரின் வயரையும் 7408 ஆண்ட் கேட்டின் இரண்டு உள்வாசலில் கொடுத்து, வெளிவாசலைப் பத்தாம் காலுக்குக் கொடுத்தால், யார் கீழே இறங்கினாலும் அது கேட்கும். ஒரே நேரத்தில் இருவரும் பேசாத வரை இது போதும். ஆண்ட் கேட் என்பதை முதலாண்டில் உண்மை அட்டவணையாக மனப்பாடம் செய்த பிள்ளைகள், அது இப்படி ஒரு காரியத்துக்கு உதவும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள். படிப்பு கைக்கு இறங்கும் அந்தக் கணத்துக்காகவே நான் அந்த வேலையில் அத்தனை வருடம் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சாமான் வாங்க ஆண்டுக்கொரு முறையாவது சென்னைக்குப் போவோம். இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து ரிச்சி தெரு அதிக தூரமில்லை. நரசிங்கபுரம் தெரு என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும் ஊருக்கெல்லாம் அது ரிச்சி தெருதான். அண்ணாச்சி கடைகளில் பொருளைக் கேட்பதற்கு முன்னால் அதன் பின்னவுட் தாளைக் கேட்பார். அப்போது டேட்டாஷீட் என்பது ஜெராக்ஸ் கட்டு. கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்த தாளை அங்கேயே நின்று படித்து, வீட்டிலிருந்து எழுதி வந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். பின்னால் நிற்கிறவர்கள் முண்டியடிப்பார்கள். அவர் அசைய மாட்டார்.

பிறகு ஆர்டுயினோ வந்தது. இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரின் வடிவமைப்புக் கல்லூரியில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் கையாளட்டும் என்று 2005-ல் பிறந்த பலகை அது. 2010-ல் அதன் ஊனோ மாடல் வந்து, அதன் பிறகு சில ஆண்டுகளில் எங்கள் லேபின் மேசைகளில் எல்லாம் நீல நிறமாகிவிட்டது. ஐசியைப் பிடுங்க வேண்டாம். யூஎஸ்பி வயரைச் செருகினால் புரோகிராம் ஏறிவிடும். பலகையின் இரு ஓரமும் துளை வரிசை. ஜம்பர் வயரைக் குத்தினால் முடிந்தது. ஈயம் வைக்கும் வேலை குறைந்து, லேபில் ரோசின் வாசனையும் மெல்ல மறைந்தது. முன்பு ஒரு மாதம் பிடித்த வேலையை ஒரு மாலையில் முடித்துவிடும் பிள்ளைகளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முதன்முதலாக, பயமில்லாமல் வயரைத் தொட்டது அந்தத் தலைமுறைதான்.

அந்தப் பலகையில் ஒரு விசித்திரம். ஏழாம் பின்னுக்கும் எட்டாம் பின்னுக்கும் நடுவே உள்ள இடைவெளி மட்டும் ஒழுங்கில் சேராது. மற்றதெல்லாம் 2.54 மில்லிமீட்டர், அங்கே மட்டும் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கடையில் கிடைக்கும் புள்ளிப் பலகையை வெட்டி மேலே மாட்டலாம் என்றால் ஒரு வரிசை இறங்கும், இன்னொன்று இறங்காது. அண்ணாச்சி பெர்க் பின்களைக் குறடால் இரண்டு வளைவு வளைத்து, படி போல ஆக்கி இறக்குவார். முதல் பலகைகளில் வந்த இடைவெளியைப் பின்னாட்களில் மாற்றியிருந்தால், அதுவரை செய்த மேல்பலகைகள் எதுவும் பொருந்தாமல் போயிருக்கும். அதனால் அது அப்படியே நிலைத்துவிட்டது. ஈதர்நெட் மேல்பலகையை மாட்டும்போது இன்னொரு கவனம் வேண்டும். அதன் நெட்வொர்க் சாக்கெட்டின் அடிக்கால்கள் கீழே இருக்கும் யூஎஸ்பி சாக்கெட்டின் தகரத்தில் இடிக்கும். தகரத்தின்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டுத்தான் மாட்டுவோம்.

ஆனால் என் நினைவில் அழுத்தமாக நிற்பது ஒரு கதவுப்பூட்டு.

ரிவ்யூவுக்கு முந்தின சாயங்காலம். லேபைப் பூட்டப் போகும் நேரத்தில் ஒரு மாணவி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கார்டைக் காட்டினால் பெயர் திரையில் வரும், சர்வோ திரும்பித் தாழ்ப்பாள் விலகும். ஆர்சி522 ரீடர், 16க்கு 2 எல்சிடி, சின்ன சர்வோ மோட்டார், ஒரு ஊனோ. "அண்ணே, தனித்தனியா எல்லாமே ஓடுது. சேத்தா ஒண்ணுமே ஓட மாட்டேங்குது" என்றாள். குரல் உடைந்திருந்தது. மூன்று புரோகிராமையும் தனித்தனியே ஓட்டிக் காட்டினாள். அவள் சொன்னது உண்மை. சேர்த்து ஓட்டியபோது திரையில் புரியாத எழுத்துகள் நெளிந்தன, சர்வோ திரும்பியது, கார்டு மட்டும் படிக்கவே இல்லை.

பலகையைப் பார்த்தேன். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று துளைகளில் மட்டும் இரண்டிரண்டு வயர்களை முறுக்கிச் செருகியிருந்தாள். துளை விரிந்து பிடிமானமே போயிருந்தது.

அண்ணாச்சியின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து அவள் கையில் கொடுத்து, 0 முதல் 13 வரை எழுதச் சொன்னேன். அவளே எழுதினாள். ரீடருக்கு 9, 10, 11, 12, 13. எல்சிடிக்கு 12, 11, 5, 4, 3, 2. சர்வோவுக்கு 9. எழுதி முடிக்கும் முன்பே பேனா நின்றுவிட்டது.

மூன்றும் அவள் கணக்குப் போட்டு எடுத்த எண்கள் இல்லை. லைப்ரரியோடு வரும் மாதிரிப் புரோகிராமில் என்ன இருக்கிறதோ அதுவே. எல்சிடியின் மாதிரி 12, 11 என்றுதான் தொடங்கும். சர்வோவின் மாதிரி 9-ல் மாட்டச் சொல்லும். ரீடரின் மாதிரி ரீசெட் காலை 9-ல் வைக்கும். ஒவ்வொரு மாதிரியும் பலகை முழுக்கத் தனக்கே என்று நினைத்து எழுதப்பட்டது. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் ஒரு பொருளை அறிமுகம் செய்யத்தான் எழுதினார்கள். அவற்றைச் சேர்த்துக் குடித்தனம் வைப்பது நம் வேலை.

ஏன் அப்படி நடந்தது என்று அவளோடு உட்கார்ந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. சர்வோவுக்குப் போகும் துடிப்பு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வரும். அதில் ஒன்றிரண்டு மில்லிசெகண்ட்தான் மேலே இருக்கும், மற்ற நேரமெல்லாம் கீழே. ரீடரின் ரீசெட் கால் கீழே இருந்தால் அது உறங்கிவிடும். ஆக, அந்த ரீடர் விநாடிக்கு ஐம்பது முறை கண்விழித்து, உடனே உறங்கப் போயிருக்கிறது. எல்சிடியின் கதை வேறு. ரீடரோடு பேசும் எஸ்பிஐ தொடங்கியதும் ஐசி பன்னிரண்டாம் பின்னை உள்வாங்கும் பின்னாக மாற்றிக்கொள்ளும். எல்சிடிக்கு அதன் வழியே போக வேண்டிய கட்டளை போகாது. பதினொன்றில் ரீடருக்குப் பேசும் ஒவ்வொரு அசைவும், எல்சிடிக்கு 'இதை எடுத்துக்கொள்' என்ற சைகையாகவே தெரியும். அது கண்டதையெல்லாம் எடுத்துத் திரையில் எழுதிக்கொண்டிருந்தது.

"யாரு நகர மாட்டா?" என்று கேட்டேன். தாளைப் பார்த்து யோசித்தாள். எஸ்பிஐயின் 11, 12, 13 நகராது. பத்தும் ரீடருக்கே இருக்கட்டும், அது எப்படியும் வெளிக்கொடுக்கும் பின்னாக இருந்தாக வேண்டும். பூஜ்ஜியமும் ஒன்றும் யூஎஸ்பியோடு பேசுகிறவை. அவற்றைத் தொட்டால் புரோகிராம் ஏறாது. எல்சிடி நகரும். எங்கே? அனலாக் என்று எழுதியிருக்கும் ஏ0 முதல் ஏ5 வரை ஆறு துளைகளும் காலியாகக் கிடந்தன. அவற்றைச் சாதாரண டிஜிட்டல் பின்னாகவும் பயன்படுத்தலாம் என்றேன். அவள் கண் விரிந்தது. எல்சிடிக்கு வேண்டியதும் சரியாக ஆறு. சர்வோ 6-க்குப் போனது. புரோகிராமில் இரண்டே வரி மாற்றம். சர்வோவுக்கு மட்டும் தனி ஐந்து வோல்ட் கொடுத்து, கிரவுண்டைப் பொதுவாகச் சேர்த்தோம். இல்லாவிட்டால் அது அசையும்போதெல்லாம் பலகை ரீசெட் ஆகியிருக்கும்.

கார்டை வைத்ததும் அவள் பெயரே திரையில் வந்தது. தாழ்ப்பாள் விலகியது. வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டும்வரை வைத்தும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு எல்சிடியின் முதுகில் ஒட்டிய ஐ2சி பலகை கிடைத்தது. ஆறு வயர் இரண்டாகிவிட்டது. அந்த இரண்டு வயரிலேயே எல்லோரும் சேர்ந்துகொண்டு முகவரியால் மட்டும் பிரிவதால், பின்னுக்கான சண்டை ஓய்ந்து முகவரிக்கான சண்டை தொடங்கியது. டிஎஸ்3231 கடிகாரமும் எம்பியு6050 அசைவுணரியும் ஹெக்ஸ் 68 என்ற ஒரே முகவரியில் இருப்பவை. அசைவுணரியின் ஏடி0 காலை மேலே இழுத்துக் கட்டினால் அது 69-க்குப் போய்விடும். எஸ்பிஐயில் வேறு விதமான தொல்லை. யாரைக் கூப்பிடுகிறோம் என்று காட்டும் தேர்வு வயரைத் தனித்தனியாகக் கொடுத்தாலும், மலிவான சில எஸ்டி கார்டு பலகைகள் தங்கள் பதில் வயரை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் ரீடர் பேச முடியாது. அதிலுள்ள பஃபர் ஐசியின் அனுமதிக் காலைக் கிரவுண்டிலிருந்து பிரித்துத் தேர்வு வயரோடு சேர்த்தால் சரியாகும். அண்ணாச்சி ஓய்வுபெறும் ஆண்டில் கண்ணாடிக்கு மேல் லென்ஸை வைத்துக்கொண்டு அந்த மயிரிழைக் காலைத் தூக்கினார். கை நடுங்கவில்லை.

ஆர்சி522-ன் மேல் எஸ்டிஏ என்று அச்சிட்ட காலைக் கண்டு அதை ஏ4-ல் மாட்டி வருகிறவர்கள் ஏராளம். எஸ்பிஐயில் அதுதான் தேர்வுக் கால். பலகையில் எழுதியிருப்பதை நம்பி மாட்டும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அதை அப்படி அச்சிட்டு அனுப்பியவர்கள் கூடவே ஒரு தாளும் வைத்திருக்கலாம்.

சென்ற மாதம் தங்கை மகள் இஎஸ்பி32 பலகையோடு வீட்டுக்கு வந்தாள். மொட்டை மாடித் தொட்டிச் செடிகளுக்கு ஈரம் பார்த்துத் தண்ணீர் விடும் ஏற்பாடு. பலகை அகலம், பிரெட்போர்டில் மாட்டினால் ஒரு பக்கம் வயர் குத்தவே துளை மிஞ்சாது. இரண்டு பிரெட்போர்டைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் பாலம் போல அமர்த்தியிருந்தாள். அதை அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

"மாமா, வைஃபை போடாம ஓட்டுனா ஈரம் சரியா காட்டுது. வைஃபை போட்டதும் தப்பா வருது. இதுல எந்த வேலைய எந்தப் பின்னுக்கு வேணாலும் மாத்திக்கலாம்னு சொன்னாங்களே?"

பாதி உண்மை. சீரியல், ஐ2சி போன்றவற்றைப் பெரும்பாலும் விரும்பிய பின்னுக்கு மாற்றிக்கொள்ள இந்த ஐசி இடம் தருகிறது. அண்ணாச்சி பார்த்திருந்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் இதிலும் நகராதவர்கள் உண்டு. 6 முதல் 11 வரை உள்ளே இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு. 34 முதல் 39 வரை உள்வாங்க மட்டும். 12-ஐப் பலகை விழிக்கும் நேரத்தில் யாராவது மேலே இழுத்துப் பிடித்திருந்தால், ஃபிளாஷின் வோல்டேஜைத் தப்பாக எடுத்துக்கொண்டு பலகை எழாமலே போகும். ஈரம் பார்க்கும் வயரை அவள் 25-ல் செருகியிருந்தாள். அது அனலாக்கை எண்ணாக்கும் இரண்டாம் ஏடிசியைச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அந்த ஏடிசியை வைஃபையே எடுத்துக்கொள்ளும்.

தாளும் பேனாவும் கொடுத்தேன். நான்கு கட்டம் போடச் சொன்னேன். கடைசிக் கட்டத்துக்கு 'நகருமா' என்று தலைப்பு எழுதியவள், அதன் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று சேர்த்து 'விழிக்கும்போது எப்படி இருக்கணும்' என்று எழுதினாள். எங்கள் காலத்துப் பலகைகளுக்குத் தேவைப்படாத கட்டம் அது. இந்தப் பலகைக்குத் தேவை. ஈரத்தை முதல் ஏடிசியில் இருக்கும் 34-க்கு மாற்றினாள். எண்கள் அசையாமல் நின்றன.

நேற்று இரவு போன் செய்தாள். கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தனியாக இன்னொரு சென்சாரும் ஒரு பம்ப்பும் வைக்கப் போகிறாளாம்.

"35 சும்மாதான் இருக்கு, எடுத்துக்கவா மாமா?"

"சென்சாருக்கு எடுத்துக்கோ. பம்ப்போட ரிலேய அதுல மாட்டாத, அது வாங்குமே ஒழிய குடுக்காது. ரிலேக்கு 26 காலியா இருக்கா, தாளப் பாத்துச் சொல்லு."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "இருக்கு" என்றாள்.